அப்போஸ்தலர் யார், அவர்கள் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பில் அப்போஸ்தலர் நடபடிகளைத் திறந்தாலே போதும், இந்தக் கேள்விகள் வரிசைகட்டி வந்துவிடும். வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும்போது கேட்கிறவர்கள் உண்டு, ராத்திரி வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புகிறவர்களும் உண்டு. திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். கத்தோலிக்க நண்பர்கள் 'திருத்தூதர்' என்று படித்துக்கொள்ளலாம், ஆட்கள் அவர்களேதான். ஆண்டுகள் எல்லாம் கி.பி.

1. சீஷனும் அப்போஸ்தலனும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு பேரு?

ஒன்றல்ல. கூடவே இருந்து கற்றுக்கொள்கிறவர் சீஷர். ஒரு காரியத்துக்காக அனுப்பப்பட்டவர் அப்போஸ்தலர். இயேசுவுக்குச் சீஷர்கள் ஏராளம். அவர்களை வரவழைத்து, அவர்களுக்குள் பன்னிரண்டு பேரைத் தெரிந்தெடுத்து, அந்தப் பன்னிருவருக்கு அப்போஸ்தலர் என்று பேரிட்டதாக லூக்கா 6-ஆம் அதிகாரம் சொல்கிறது.

அதிகாரம் என்ற பேச்சு தொடங்குவதும் இங்கேதான். உங்களை ஏற்றுக்கொள்கிறவன் என்னை ஏற்றுக்கொள்கிறான் என்று மத்தேயு 10-இல் வருகிறது. அனுப்பியவர் யாரோ அவருடைய மதிப்புதான் போகிறவருக்கும். அவருக்கென்று சொந்தமாக ஒன்றும் கிடையாது. பின்னால் வரும் பல பதில்களுக்கு இது தேவைப்படும்.

2. பன்னிரண்டு பேர்தான் அப்போஸ்தலர்னு சண்டே ஸ்கூல்ல படிச்சோம். அப்போ பவுல் பதின்மூணாவது ஆளா?

பன்னிருவர் என்பது ஒரு வட்டம், அப்போஸ்தலர் என்பது அதைவிடப் பெரிய வட்டம். 1 கொரிந்தியர் 15-ஐ எடுத்துப் பாருங்கள். 50-களின் நடுவில் எழுதப்பட்ட கடிதம் அது; நான்கு சுவிசேஷங்களுக்கும் முந்தியது. உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டவர்களைப் பவுல் வரிசையாகச் சொல்கிறார்: கேபா (பேதுருவின் இன்னொரு பெயர்), பன்னிருவர், ஐந்நூறுக்கும் அதிகமான சகோதரர், யாக்கோபு, 'அப்போஸ்தலர் எல்லாரும்', கடைசியாகத் தான். பன்னிருவரைச் சொல்லி முடித்த பிறகு 'அப்போஸ்தலர் எல்லாரும்' என்று தனியாக வருகிறது, கவனியுங்கள்.

லூக்காவுக்கு வேறு கணக்கு. நடபடிகளில் அவர் அந்தப் பெயரைப் பெரும்பாலும் பன்னிருவருக்கே ஒதுக்கிவைக்கிறார். 14-ஆம் அதிகாரத்தில் மட்டும், லீஸ்திராவில் ஜனங்கள் காளைகளையும் பூமாலைகளையும் கொண்டுவந்து பலியிட வரும் அந்தக் கலவரமான இடத்தில், பர்னபாவையும் பவுலையும் அப்போஸ்தலர் என்கிறார். இவர்கள் போக, ஒரு சபை தன் வேலைக்காக அனுப்பிய ஆளுக்கும் இதே சொல் வழங்கியது. பிலிப்பியிலிருந்து பவுலுக்கு உதவி கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து அப்படிப்பட்டவர். ஆக, பவுல் பதின்மூன்றாவது இல்லை. அவர் வேறு வரிசை.

3. யூதாஸ் போனதும் மத்தியாவைச் சேர்த்தாங்க. யாக்கோபைக் கொன்னப்ப மட்டும் ஏன் ஆள் சேர்க்கலை?

நல்ல கேள்வி. செபெதேயுவின் மகன் யாக்கோபை ஏரோது அகிரிப்பா வாளால் கொன்றது 44-க்குள், ஏனென்றால் அந்த ஆண்டில் அகிரிப்பாவே இறந்துவிட்டான். மத்தியாவைத் தெரிந்தெடுத்ததுபோல அந்த இடத்துக்குச் சீட்டுப் போட்டு யாரையும் எடுக்கவில்லை.

காரணம் எண்ணில் இருக்கிறது. பன்னிரண்டு என்பது இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்கள். பன்னிருவரும் பன்னிரண்டு சிங்காசனங்களில் உட்கார்ந்து கோத்திரங்களை நியாயந்தீர்ப்பார்கள் என்பது இயேசு கொடுத்த வாக்கு. யூதாஸ் அந்த இடத்தை விட்டு விலகிப்போனவர், அதனால் அது காலியானது. யாக்கோபு உண்மையாயிருந்து இறந்தவர். அவருடைய சிங்காசனம் அவருக்கே. இறந்தால் அடுத்த ஆளைப் போடும் பதவியாக அன்றைய சபை இதை நினைக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 11-ஆம் கேள்விக்கு வரும்போது இது முக்கியமாகும்.

4. பவுல் இயேசுகூட நடந்ததே இல்லையே. எந்தத் தகுதியில அப்போஸ்தலர்?

மத்தியாவைத் தெரிந்தெடுத்தபோது பேதுரு சொன்ன நிபந்தனைப்படி பார்த்தால் பவுல் தேறமாட்டார். யோவான் ஞானஸ்நானம் கொடுத்த நாள் முதல் இயேசு எடுத்துக்கொள்ளப்பட்ட நாள்வரை கூடவே இருந்திருக்க வேண்டும், உயிர்த்தெழுதலுக்குச் சாட்சியாகவும் இருக்க வேண்டும். முதலாவது பவுலுக்கு இல்லை. இரண்டாவது இருக்கிறது என்பதுதான் அவருடைய வாதம். நம்முடைய கர்த்தராகிய இயேசுவை நான் காணவில்லையா என்று கேட்கிறார். தன்னை அகாலப்பிறவி என்று சொல்லிக்கொண்டாலும், கண்டதை விட்டுக்கொடுக்கவில்லை.

இன்னொரு சான்றையும் காட்டுகிறார்: தான் நிறுவிய சபைகள். மற்றவர்களுக்கு நான் அப்போஸ்தலனாக இல்லாவிட்டாலும் உங்களுக்காவது அப்படித்தானே என்று கொரிந்தியரிடம் சொல்கிறார். அந்த வரியை மெதுவாகப் படித்தால், அவரை ஒப்புக்கொள்ளாதவர்கள் அப்போதே இருந்தார்கள் என்பது தெரியும்.

5. அப்போஸ்தலர்னா இன்னைக்குப் பாஸ்டர் மாதிரியா, பிஷப் மாதிரியா?

இரண்டும் இல்லை. அவர்கள் ஒரே சபையோடு கட்டுண்டவர்கள் அல்ல. ஊர் ஊராகப் போய்ச் சபையை ஆரம்பித்துவிட்டு நகர்ந்தவர்கள். அப்புறம் கடிதத்தாலும் தீமோத்தேயு, தீத்து போன்ற ஆட்களாலும் தொடர்பில் இருந்தார்கள். உள்ளூர்ப் பொறுப்பு மூப்பர், கண்காணி (பின்னாளில் பிஷப் என்று ஆனது), உதவிக்காரர் கையில் இருந்தது. எருசலேமில் கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே பன்னிருவர் ஆரம்பத்தில் ஊரிலேயே இருந்தார்கள், காணிக்கைப் பணம் அவர்கள் பாதத்தில் வைக்கப்பட்டது. விதவைகளின் பந்தி விசாரணை தகராறானதும் அதற்கென ஏழு பேரை நியமித்துவிட்டுப் பிரசங்கத்துக்குத் திரும்பினார்கள்.

6. சாப்பாடு, வழிச்செலவு எல்லாம் யார் பார்த்தது? சம்பளம் உண்டா?

சம்பளம் இல்லை, உரிமை உண்டு. சுவிசேஷத்தை அறிவிக்கிறவர் அதனால் பிழைக்கலாம் என்பது கர்த்தரின் கட்டளை என்றே பவுல் சொல்கிறார். கேபாவும் கர்த்தருடைய சகோதரரும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் செலவும் சபையுடையதுதான்.

பவுல் மட்டும் கொரிந்துவில் வாங்கமாட்டேன் என்று நின்றார். ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியோடு சேர்ந்து கூடாரத் தொழில் செய்தார். நல்ல பெயர் கிடைத்திருக்கும் என்றுதானே நினைப்போம்? கிடைக்கவில்லை. பெரிய மனிதர் உதவியைத் தள்ளினால் அவமதிப்பு, கைத்தொழில் என்றால் இளக்காரம். அன்றைய ரோமப் பட்டணங்களின் மனநிலை அது. பிலிப்பியரிடம் வாங்கிக்கொண்டு எங்களிடம் ஏன் வாங்கவில்லை, எங்கள்மேல் அன்பில்லையா என்ற குறையும் சேர்ந்துகொண்டது. 2 கொரிந்தியர் 11-இல் அவர் கொஞ்சம் கடுப்போடு பதில் சொல்வது இதற்குத்தான்.

7. பேதுருதானே தலைவர்? மத்தவங்க அவருக்குக் கீழேதானே?

பன்னிருவர் பட்டியல் நான்கு இடங்களில் வருகிறது, நான்கிலும் பேதுருதான் முதல். பரலோகராஜ்யத்தின் திறவுகோல்களைத் தருவேன் என்ற வாக்கு மத்தேயு 16-இல் அவருக்குத்தான் சொல்லப்பட்டது. கட்டுவதும் அவிழ்ப்பதும் இரண்டு அதிகாரம் தள்ளி, மத்தேயு 18-இல், மற்றச் சீஷருக்கும் கொடுக்கப்படுகிறது. ரோமும் சீர்திருத்தச் சபைகளும் இந்த இரண்டு வசனங்களை வைத்து ஐந்நூறு ஆண்டுகளாக வாதாடுகின்றன. இங்கே அதற்குத் தீர்ப்பு எழுத நான் வரவில்லை.

நடந்ததைப் பார்ப்போம். எருசலேமில் கடைசி வார்த்தை மெல்ல மெல்லக் கர்த்தருடைய சகோதரன் யாக்கோபிடம் போய்ச்சேர்ந்தது. அவர் பன்னிருவரில் ஒருவர் இல்லை. புறஜாதியாருக்கு (யூதரல்லாதவருக்கு) விருத்தசேதனம் வேண்டுமா என்ற வழக்கில் பேதுரு பேசுகிறார், பவுலும் பர்னபாவும் பேசுகிறார்கள்; 'நான் தீர்மானிக்கிறேன்' என்று முடிப்பவர் யாக்கோபு. 'தூண்கள்' என்று பவுல் மூவரைச் சொல்லும்போதும் யாக்கோபு, கேபா, யோவான் என்ற வரிசைதான். 62-இல் பிரதான ஆசாரியன் அன்னா இந்த யாக்கோபைக் கல்லெறிந்து கொல்ல வைத்ததை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதிவைத்திருக்கிறார். கிறிஸ்தவர் அல்லாத ஒருவரும் குறித்துவைக்கும் அளவுக்குத் தெரிந்த மனிதர்.

அந்தியோகியாவில் நடந்தது இன்னும் நெருடலானது. புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். பர்னபாவும் பின்னாலேயே போய்விட்டார். எல்லார் முன்னிலையிலும் பவுல் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார். பேதுரு என்ன பதில் சொன்னார் என்று பவுல் எழுதவில்லை. ஜெயித்திருந்தால் எழுதியிருப்பார் என்பது என் எண்ணம்.

8. பவுல் கடிதம் போட்டா சபை அப்படியே கேட்டுக்குமா?

இல்லவே இல்லை. நாம் அந்தக் கடிதங்களை வேதமாகப் படிப்பதால், அன்றைக்கும் வாசித்து முடித்ததும் எல்லாரும் ஆமென் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துவிடுகிறோம். ஒன்றரை வருடம் கூடவே இருந்து அவர் கட்டிய கொரிந்து சபையிலேயே நான் பவுல் கட்சி, நான் அப்பொல்லோ கட்சி, நான் கேபா கட்சி என்று பிரிவு. ஆள் எழுத்தில்தான் பலசாலி, நேரில் பார்த்தால் ஒன்றுமில்லை என்று பேசினார்கள். அந்தக் கிண்டலை 2 கொரிந்தியர் 10-இல் பவுலே எடுத்து எழுதியிருக்கிறார். அப்புறம் வேறு சிலர் வந்து அந்தச் சபையைக் கைக்குள் போட்டுக்கொண்டார்கள். அவர்களைத்தான் 'மகா பிரதான அப்போஸ்தலர்' என்று குத்தலாகச் சொல்கிறார்.

அவர் அதிகாரத்தைக் கையாளும் விதத்தையும் பாருங்கள். கல்யாணம் பற்றிய 1 கொரிந்தியர் 7-இல், இது கர்த்தருடைய கட்டளை, இது கர்த்தர் அல்ல நானே சொல்கிறேன், இதற்குக் கட்டளை இல்லை, என் அபிப்பிராயம் இது என்று மூன்று தரமாகப் பிரித்துவைக்கிறார். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவுக்காகப் பிலேமோனுக்கு எழுதும்போது, கட்டளையிட எனக்குத் துணிச்சல் உண்டு, ஆனாலும் அன்பினிமித்தம் கேட்டுக்கொள்கிறேன் என்கிறார். அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் என் கணக்கில் எழுது என்று சொந்தக் கையெழுத்திலேயே உறுதியும் கொடுக்கிறார். அடுத்த வரியிலேயே, நீயே எனக்குக் கடன்பட்டவன் என்று நான் சொல்லவேண்டியதில்லை என்று சொல்லியும் விடுகிறார்! நம் ஊர்ப் பெரியவர்கள் யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

எல்லைக்கோடு கலாத்தியர் 1-இல் இருக்கிறது. வேறொரு சுவிசேஷத்தை நாங்களே வந்து சொன்னாலும், வானத்திலிருந்து வரும் தூதனே சொன்னாலும், சபிக்கப்பட்டவன். முதல் பதிலில் பார்த்ததுதான் இங்கேயும்: கொண்டுவந்த செய்திக்குக் கீழேதான் கொண்டுவந்தவர்.

9. பெண் அப்போஸ்தலர் யாராச்சும் உண்டா?

ரோமர் 16:7. அன்றோனீக்கு, யூனியா இருவரையும் அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள் என்று பவுல் வாழ்த்துகிறார். தனக்கு முன்பே விசுவாசத்துக்கு வந்தவர்கள், தன்னோடு சிறையில் இருந்தவர்கள் என்றும் சொல்கிறார். அப்போஸ்தலர்களுக்கு நன்கு தெரிந்தவர்கள் என்றுதான் பொருள், இவர்களே அப்போஸ்தலர் அல்ல என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. ஆனால் கிரேக்கத்தைத் தாய்மொழியாகப் பேசிய 4-ஆம் நூற்றாண்டுப் பிரசங்கியார் யோவான் கிறிசோஸ்தோம், யூனியாவைப் பெண் என்றும் அப்போஸ்தலர் என்றும் எடுத்துக்கொண்டு அவருடைய ஞானத்தை மெச்சுகிறார். பிற்காலத்தில்தான் சிலர் அதை 'யூனியாஸ்' என்ற ஆண் பெயராக்கினார்கள். அப்படியொரு ஆண் பெயர் ரோமக் கல்வெட்டு எதிலும் கிடைக்கவில்லை. யூனியா என்ற பெண் பெயரோ நிறையவே கிடைக்கிறது.

மகதலேனா மரியாளையும் கேட்பீர்கள். உயிர்த்தெழுந்த செய்தியைச் சீஷரிடம் கொண்டுபோகச் சொல்லி அனுப்பப்பட்டவர் அவர். 'அப்போஸ்தலருக்கு அப்போஸ்தலர்' என்ற பட்டம் இடைக்காலத்திலேயே வழங்கியது. 2016-இல் போப் பிரான்சிஸ், ஜூலை 22-இல் வரும் அவருடைய நினைவுநாளை அப்போஸ்தலர்களுடைய நாள்களைப் போலவே திருவிழா நிலைக்கு உயர்த்தினார்.

10. அப்பவும் போலி ஆளுங்க இருந்திருப்பாங்களே. எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

இருந்தார்கள். 'டிடாக்கே' என்ற பழைய சபை ஒழுங்குக் கையேட்டில் இதற்கு விதியே இருக்கிறது. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ அடுத்ததன் தொடக்கத்திலோ எழுதப்பட்டது. 1056-இல் நகலெடுத்த ஒரு சுவடியாகக் கான்ஸ்டாண்டிநோபிளில் கிடந்ததை 1873-இல் பிரியேனியோஸ் என்ற கிரேக்கப் பேராயர் கண்டெடுத்தார்.

விதி இது. உங்களிடம் வரும் அப்போஸ்தலரைக் கர்த்தரைப் போல ஏற்றுக்கொள்ளுங்கள். ஒருநாள் தங்கட்டும், தேவையானால் இரண்டாம் நாளும். மூன்று நாள் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த இடம் போய்ச்சேரும் வரைக்கும் அப்பம் கொடுத்தால் போதும். பணம் கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி. தீர்க்கதரிசிகளுக்கும் ஒன்று உண்டு: ஆவியில் நிறைந்து விருந்து வைக்கச் சொல்லிவிட்டு, அந்த விருந்தில் தானே உட்கார்ந்து சாப்பிட்டால் அவர் போலி. எத்தனை பேரிடம் ஏமாந்து இந்த வரியை எழுதினார்களோ!

பன்னிருவர் காலம் முடிந்துகொண்டிருந்தபோதும் 'அப்போஸ்தலர்' என்ற பெயரில் ஊர் சுற்றும் ஊழியர்கள் இருந்தார்கள் என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

11. அவங்க எல்லாம் இறந்தப்புறம் அதிகாரம் யார் கைக்குப் போச்சு? பிஷப்புக்கா?

சுமார் 96-இல் ரோமச் சபை கொரிந்துவுக்கு ஒரு கடிதம் எழுதியது. கிளெமெந்துவின் பெயரில் வழங்குவது. கொரிந்துவில் சிலர் மூப்பர்களைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்பது பிரச்சினை. அப்போஸ்தலர்கள் தங்கள் முதற்பலன்களான விசுவாசிகளைக் கண்காணிகளாகவும் உதவிக்காரராகவும் நியமித்தார்கள், அவர்கள் இறந்தால் சோதித்தறியப்பட்ட வேறு ஆட்கள் தொடர வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தார்கள் என்கிறது கடிதம். அதே கடிதத்தில் ஓரிடத்தில், பாக்கியவானான பவுலின் நிருபத்தை எடுத்துப் பாருங்கள் என்று வருகிறது. எந்தச் சபை அந்த மனிதரை எதிர்த்து வாக்குவாதம் செய்ததோ (8-ஆம் பதில்), நாற்பது ஆண்டுக்குள் அதே சபைக்கு அவருடைய எழுத்தே தீர்ப்பாகக் காட்டப்படுகிறது. உயிரோடு இருந்தபோது கிடைக்காத கீழ்ப்படிதல் இறந்த பிறகு கிடைத்தது. இந்த விஷயம் முழுவதிலும் என்னை அதிகம் யோசிக்க வைப்பது இதுதான்.

அடுத்த தலைமுறையில் அந்தியோகியாவின் கண்காணி இக்னேஷியஸ், சங்கிலியில் ரோமுக்கு இழுத்துச் செல்லப்படும் வழியில் எழுதினார்: பேதுருவும் பவுலும் போல நான் உங்களுக்குக் கட்டளையிடவில்லை, அவர்கள் அப்போஸ்தலர், நான் கைதி. கண்காணிக்குக் கீழ்ப்படியுங்கள் என்று விடாமல் வற்புறுத்தியவரே அவர். ஆனாலும் தன்னை அவர்களோடு சமமாக வைக்கவில்லை.

தொடர்ச்சியைப் பெயர்ப்பட்டியலாக்கிக் காட்டியவர் லியோன் நகரத்து இரேனியஸ், சுமார் 180-இல். அப்போஸ்தலர் சிலருக்கு மட்டும் இரகசியமாகச் சொன்னதாக ஞானவாதக் குழுக்கள் பேசின. பேதுருவின் மொழிபெயர்ப்பாளரிடம் பாடம் கேட்டதாக பசிலிதேஸ், பவுலின் மாணவரிடம் கேட்டதாக வலந்தீனுஸ் என்று அவர்களுக்கும் ஆளுக்கொரு சங்கிலி. இரேனியஸின் பதில்: எங்கள் சங்கிலி வெளிப்படையானது, பெயர் சொல்கிறேன், எண்ணிக்கொள்ளுங்கள். ரோமில் லீனு தொடங்கித் தன் காலத்து எலெயுத்தேரியுஸ் வரை பன்னிரண்டு பெயர். பேதுருவும் பவுலும் அந்த எண்ணிக்கையில் வரவில்லை. சபையை நிறுவி லீனுவிடம் ஒப்படைத்தவர்கள் என்று தனியாக நிற்கிறார்கள். கண்காணிகள் அப்போஸ்தலரின் வாரிசுகள். அவர்களே அப்போஸ்தலர் ஆகிவிடவில்லை.

12. ஒரு சபை ஓர் அப்போஸ்தலரைக் காட்டுது, இன்னொரு சபை இன்னொருத்தரைக் காட்டுது. அப்போ யார் சொல்றது சரி?

இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை, நடந்தது. ஈஸ்டரை எந்த நாளில் கொண்டாடுவது? ஆசியா மாகாணச் சபைகள் யூதர்களின் பஸ்கா நாளான நிசான் 14-ஐப் பிடித்துக்கொண்டன, அது எந்தக் கிழமையானாலும் சரி. இது யோவான் காட்டிய வழி என்றார்கள். ரோமுக்கு ஞாயிறுதான். சுமார் 155-இல் யோவானை நேரில் அறிந்த முதியவர் பொலிகார்ப் ரோமுக்கு வந்து, அங்கே கண்காணியாயிருந்த அனிசேட்டஸோடு பேசினார். இவர் அவரை மாற்றவில்லை, அவர் இவரை மாற்றவில்லை. திருவிருந்தில் தன் இடத்தைப் பொலிகார்ப்புக்குக் கொடுத்தார் அனிசேட்டஸ், சமாதானமாகப் பிரிந்தார்கள்.

சுமார் 190-இல் விக்டர் ரோமின் கண்காணியாக இருந்தபோது நிலைமை மாறியது. ஆசியச் சபைகளை ஐக்கியத்திலிருந்து நீக்கப்போகிறேன் என்றார். எபேசுவின் கண்காணி பொலிக்கிராத்தேஸ் பணியவில்லை. எராப்போலியில் அடக்கமாகியிருக்கும் பிலிப்பு, எபேசுவில் அடக்கமாகியிருக்கும் யோவான் என்று தங்கள் ஊர்க் கல்லறைகளையே சாட்சிக்கு அழைத்தார். இரேனியஸ் தானே ஞாயிறு கொண்டாடுகிறவர், ஆனாலும் விக்டருக்கு எழுதி, முன்னோர்கள் வித்தியாசத்தோடேயே சமாதானமாயிருந்தார்களே என்று தடுத்தார். ஞாயிறு என்று பொதுவாக முடிவானது 325-இல், நிசேயாவில் கூடிய சங்கத்தில்.

13. அப்போஸ்தலர் எழுதினதாலதானே புதிய ஏற்பாட்டுல சேர்த்தாங்க? மாற்கும் லூக்காவும் அப்போஸ்தலர் இல்லையே?

அப்போஸ்தலர் கையால் எழுதியிருக்க வேண்டும் என்பதல்ல, அவர்கள் வட்டத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பதே அளவுகோல். மாற்கு பேதுருவின் மொழிபெயர்ப்பாளர் என்று 2-ஆம் நூற்றாண்டில் பப்பியாஸ் எழுதினார். லூக்கா பவுலின் துணைவர். எபிரெயர் நிருபம் பவுலுடையதா என்ற சண்டை வெகுகாலம் நடந்தது. எழுதியது யார் என்பது தேவனுக்குத்தான் தெரியும் என்றார் ஒரிகென். நம் கையில் இருக்கும் அதே 27 புத்தகங்களின் பட்டியல் 367-இல் அத்தனாசியுஸின் கடிதத்தில் வருகிறது.

பெயர் மட்டும் போதாது என்பதற்கு அந்தியோகியாவின் கண்காணி செராப்பியோன் சாட்சி. சுமார் 200-ஐ ஒட்டி, ரோசு என்ற ஊர்ச் சபை 'பேதுருவின் சுவிசேஷம்' வாசிக்க அனுமதி கேட்டது. பேதுரு பெயர்தானே என்று முழுவதும் பார்க்காமலே சரி என்றுவிட்டார். அப்புறம் படித்துப் பார்த்ததும் திரும்பப் பெற்றார். பேதுருவையும் மற்ற அப்போஸ்தலரையும் கிறிஸ்துவைப் போலவே ஏற்கிறோம், அவர்கள் பெயரைப் பொய்யாகப் போட்டு வருகிறவற்றைத் தள்ளுகிறோம் என்று எழுதினார். அவர் தள்ளிய அந்தப் புத்தகத்தின் ஒரு பகுதி 1886-87 குளிர்காலத்தில் எகிப்தில் ஒரு கல்லறையிலிருந்து கிடைத்தது.

14. ஆராதனையில சொல்ற அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணத்தை அவங்கதான் எழுதினாங்களா?

இல்லை. உலகெங்கும் பிரிந்து போகுமுன் அப்போஸ்தலர்கள் சேர்ந்து அதை இயற்றினார்கள் என்ற கதையை 400-ஐ ஒட்டி ரூஃபினுஸ் எழுதிவைத்தார். ஆளுக்கொரு வரி சொன்னார்கள் என்பது அதற்கும் பிந்தியது. ரோமில் ஞானஸ்நானத்தின்போது கேட்கப்பட்ட கேள்விகளிலிருந்து வளர்ந்த பிரமாணம் அது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் வழிபாட்டில் இதைச் சொல்வதில்லை, நிசேயப் பிரமாணத்தையே சொல்கிறார்கள்.

15. தோமா மயிலாப்பூர் வந்தது நிஜமா? நம்ம ஊருக்கும் ஓர் அப்போஸ்தலர் அதிகாரம் உண்டா?

கேரள மரபுப்படி 52-இல் கொடுங்கல்லூரில் இறங்கினார், 72-இல் மயிலாப்பூர் அருகே கொல்லப்பட்டார். எழுத்தில் முதலில் கிடைப்பது 3-ஆம் நூற்றாண்டில் சிரியாக்கில் எழுந்த 'தோமாவின் நடபடிகள்'. அதில் வரும் அரசன் கொந்தோபரஸ் நாணயங்களால் உறுதியானவன், ஆனால் அவன் ஆண்டது வடமேற்கில், தட்சசீலம் பக்கம். தோமாவுக்குப் பார்த்தியா பங்காக விழுந்தது என்று திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதுகிறார். தோமாவின் எலும்புகள் எதெஸ்ஸாவில் (இன்றைய துருக்கியில்) வணங்கப்பட்டன. 384-இல் எகேரியா என்ற பெண் பயணி அங்கே போயிருக்கிறார். முசிறிக்கு அந்த நூற்றாண்டில் ரோமக் கப்பல்கள் வந்துகொண்டிருந்ததால் ஒருவர் வந்திருக்க முடியும் என்பதில் தடையில்லை. வந்தார் என்பதற்கு மரபுதான் சான்று, அதுவும் பழைய மரபு.

அதிகாரம் என்று கேட்டீர்களே, அங்கேதான் இது 12-ஆம் கேள்வியோடு சேர்கிறது. போர்த்துக்கீசியர் வந்தபோது கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்கள் தங்களுடையது 'தோமா மார்க்கம்', உங்களுடையது 'பேதுரு மார்க்கம்' என்று சொன்னார்கள். பேராயர்கள் அவர்களுக்குப் பாரசீகத் திருச்சபையிலிருந்து வந்தார்கள், போப்பிடமிருந்து அல்ல. 1599-இல் போர்த்துக்கீசியர் கூட்டிய உதயம்பேரூர் சங்கம் இப்படி இரண்டு மார்க்கம் உண்டு என்பதைத் தவறு என்று தீர்மானித்தது. 1653-இல் மட்டாஞ்சேரியில் கூனன் குரிசு (சாய்ந்த சிலுவை) சத்தியம் எடுத்துத் தோமா கிறிஸ்தவர்கள் ஜேசுயிட்களை (இயேசு சபைக் குருக்களை) உதறினார்கள்.

16. எங்க ஊர்ல ஒருத்தர் போஸ்டர்ல 'அப்போஸ்தலர்'னு போட்டுக்கிறார். போடலாமா?

எந்த அர்த்தத்தில் என்று அவரிடமே கேளுங்கள். சபை அனுப்பிய ஊழியர் என்ற அர்த்தத்தில் (2-ஆம் பதிலின் எப்பாப்பிரோதீத்து போல) என்றால் பழைய வழக்கம் உண்டு. ஆனால் அந்த அர்த்தத்துக்குப் பெரிய போஸ்டர் தேவைப்படாது. உயிர்த்தெழுந்தவரைக் கண்ட சாட்சி என்ற அர்த்தத்தில் என்றால், 'எல்லாருக்கும் பின்பு' கடைசியாகத் தனக்குத் தரிசனமானார் என்று பவுலே வரிசையை மூடிவிட்டார். எபேசியர் 4-இல் அப்போஸ்தலர் என்ற வரம் தொடர்வதாக பெந்தெகொஸ்தே சபைகள் சில சொல்கின்றன. அதே நிருபம் 2-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலரை அஸ்திபாரம் என்கிறது, அஸ்திபாரம் ஒருமுறைதான் போடப்படும் என்று மறுப்பவர்கள் சொல்கிறார்கள். நான் இரண்டாவது பக்கம்.

பன்னிருவரைத் திரும்ப ஏற்படுத்திப் பார்த்தவர்களும் உண்டு. 1835-இல் இங்கிலாந்தில் 'கத்தோலிக்க அப்போஸ்தலச் சபை' என்ற குழு தங்களுக்குள் பன்னிரண்டு பேரை அப்போஸ்தலராகப் பிரித்தெடுத்தது. அவர்கள் வாழ்நாளுக்குள் இயேசு வந்துவிடுவார் என்று எதிர்பார்த்ததால், இறந்தவர்களுக்குப் பதில் ஆள் போடவில்லை. குருக்களை அபிஷேகம் செய்யவோ அப்போஸ்தலரின் ஒப்புதல் வேண்டும். கடைசி அப்போஸ்தலர் 1901-இல் இறந்தார். அதோடு புதிய குருக்கள் நின்றுபோய், இருந்தவர்களும் ஒவ்வொருவராக மறைய, திருவிருந்து நடத்த ஆளில்லாமல் போனது.